இடது பக்க போல்ட்

செப்டம்பர் 29, திங்கள்

இன்றும் இரண்டாம் நம்பர் புல்வெட்டி வண்டி மேட்டில் மக்கர் செய்தது. காலையில் ஒன்றும் தெரிவதில்லை. வெயில் ஏறி எண்ணெய் சூடானதும் கோல்ஃப் மைதானத்தின் பதினோராம் குழி மேட்டில் மூச்சு வாங்குகிறது. டிரைவர் குப்புராஜ் வண்டியைக் கொண்டுவந்து ஷெட்டில் நிறுத்திவிட்டுச் சொன்னான்: "ஏனுங்ணா, லீவரை முழுசாத் தள்ளுனாலும் நடந்து போற மெம்பரு என்னைய முந்திப் போறாருங்க. ஒரு மாதிரி பாத்துச் சிரிக்கறாருங்க."

மேனேஜர் விஸ்வநாத் வந்து, "கியர் பாக்ஸ் போயிடுச்சா?" என்று கேட்டார். கியரே இல்லாத வண்டிக்கு கியர் பாக்ஸ் எங்கிருந்து போகும்? நின்ற இடத்திலேயே சுற்றித் திரும்பும் இந்த ஜீரோ டர்ன் வண்டி வாங்கி ஆறு வருடம் ஆகிறது, இன்னும் இந்த மனிதருக்கு நான் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஸ்டியரிங் கிடையாது சார், கிளட்ச் கிடையாது சார், இரண்டு கைக்கு இரண்டு லீவர், இரண்டு பின்சக்கரத்துக்கு இரண்டு பம்பு. பம்பு எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் சக்கரத்தைச் சுற்றும். லீவரை நடுவுக்குக் கொண்டுவந்தால் எண்ணெய் நிற்கும், சக்கரமும் நிற்கும். ஓடும்போது அதுதான் பிரேக்கும்.

"அப்போ எண்ணெய்தான் எல்லாமா?" என்றார்.

"எண்ணெய்தான் எல்லாமுங்க சார்."

சனிக்கிழமை டோர்னமென்ட். அதற்குள் வண்டி தயாராக வேண்டுமாம். நான் எப்போது தயாராகாமல் கொடுத்தேன்? இந்த கோல்ஃப் கிளப்பில் இருபத்திரண்டு வருடமாக மெக்கானிக். என் கை பட்ட வண்டி அதே கோளாறோடு திரும்பி வந்ததில்லை. கிளப் சர்வீஸ் ரிஜிஸ்டரில் தேதி, வேலை, கையெழுத்து என்று மூன்றே கட்டம்தான் இருக்கிறது. அதற்குள் என் வேலை அடங்காது. அதனால்தான் இந்த டைரி. செய்ததெல்லாம் எழுத்தில் இருக்கும், யாரும் வந்து நாக்கின் மேல் பல்லைப் போட்டுப் பேச முடியாது.

குப்புராஜ் தலைக்கு மேல் இருக்கும் ரோல் பாரை மறுபடியும் மடக்கி வைத்திருந்தான். வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காப்பாற்றுவது அந்த இரும்புக் கம்பி ஒன்றுதான். திட்டினேன். வேப்பங்கிளை தட்டுகிறதாம். கிளையை வெட்ட மேனேஜர் அனுமதி தரவில்லையாம்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாள் முழுக்க இரண்டாம் நம்பர்தான். காலை ஏழரைக்கு ஆரம்பித்தேன். பழைய எண்ணெய் கருத்துப்போய், தீய்ந்த வாடை. ஃபில்டர் இரண்டையும் கழற்றினால் உள்ளே மினுமினுவென்று இரும்புப் பொடி. பம்பு உள்ளே உராய ஆரம்பித்திருக்கிறது, ஆனால் இன்னும் இரண்டு வருடம் தாங்கும். பெல்ட் சரி. புது ஃபில்டர், புது எண்ணெய்.

எண்ணெய் மாற்றுவது பெரிய வித்தையில்லை, காற்றை வெளியேற்றுவதுதான் வேலை. பின்பக்கம் ஜாக்கி வைத்துச் சக்கரம் தரையில் படாமல் தூக்கினேன். இரண்டு பம்பிலும் பைபாஸ் போல்ட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, லீவரை மெதுவாக முன்னும் பின்னும் ஆறு முறை. பிறகு போல்ட்டை மூடி மறுபடி ஆறு முறை. எண்ணெய் குறைய, ஊற்றி, மறுபடியும். மூன்றாவது தடவையில் பம்பின் ஊளைச் சத்தம் அடங்கியது. மெம்பர் முந்திப் போகிறாரா பார்க்கலாம்.

அந்த பைபாஸ் போல்ட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. எஞ்சின் போடாமல் வண்டியைக் கையால் தள்ள வேண்டுமென்றால் அதைத் திறந்துவிட வேண்டும். எண்ணெய் சக்கரத்தைப் பிடிக்காது, சக்கரம் சும்மா உருளும். தள்ளி முடித்ததும் ஸ்பேனர் போட்டு இறுக்கி மூட வேண்டும். புத்தகத்தில் இதற்குக் கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டிருக்கிறான். எனக்குப் புத்தகம் தேவையில்லை.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

வண்டிகளைக் கழுவிப் பொட்டு வைத்துவிட்டால் மறுநாள்வரை ஸ்டார்ட் செய்வதில்லை, தள்ளித்தான் வரிசையில் நிறுத்துவோம். இந்த ஷெட்டில் அது நான் கொண்டுவந்த வழக்கம். இரண்டாம் நம்பரின் போல்ட் இரண்டையும் திறந்து, நானும் குப்புராஜும் தள்ளிக்கொண்டு போய்ச் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தினோம். வலது போல்ட்டை இறுக்கினேன். அதற்குள் மேனேஜர் வந்து, வாழைக்கன்று ஏன் ஒன்றுதான் கட்டியிருக்கிறது, மெம்பர்கள் வருவார்களே என்று ஆரம்பித்தார். வாழைக்கன்றுக்கும் மெக்கானிக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். பேச்சு வளர்ந்தது.

திரும்பி வந்து பார்த்தால் சீட்டின் மேல் வைத்த பதினாறு நம்பர் ஸ்பேனரைக் காணோம். குப்புராஜ் அதையும் துடைத்து, சந்தனம் வைத்து, மற்றச் சாமான்களோடு சாமி முன்னால் அடுக்கிவிட்டான். விளக்கும் ஏற்றியாகிவிட்டது. பூஜையில் வைத்ததை மறுபூஜை முடியாமல் எடுக்கக் கூடாது. போன வருடம் ஒருவன் கட்டிங் பிளேயரை எடுத்ததற்கு நான்தான் அவனை அத்தனை பேர் முன்னால் திட்டினேன். நானே எடுத்தால் நன்றாகவா இருக்கும்?

இடது போல்ட்டைக் கையால் முடிந்த மட்டும் முறுக்கி வைத்தேன். நாளைக் காலை ஸ்பேனர் கைக்கு வந்ததும் ஒரு இறுக்கு.

பொரி, கடலை, சுண்டல் எல்லாம் நன்றாக இருந்தது. குப்புராஜின் மனைவி தங்கமணி செய்துகொண்டு வந்திருந்தாள்.

அக்டோபர் 2, வியாழன்

வண்டி பதினோராம் குழிக் குளத்தில் விழுந்துவிட்டது. குப்புராஜ் அடியில்.

அக்டோபர் 3, வெள்ளி

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

மறுபூஜை எட்டரைக்கு முடிந்தது. எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டிகள் கிளம்பின. விசேஷமாக ஒன்றும் இல்லை. பகல் ஒன்றேகால் மணிக்கு வாக்கி டாக்கியில் கத்தல். நான் ஓடிப்போகும்போது வண்டி தலைகீழாகத் தண்ணீரில் பாதி, கரையில் பாதி. ஐந்து பேர் சேர்ந்து தூக்கினோம். அவன் தலை தண்ணீருக்கு வெளியே இருந்தது தெய்வாதீனம். வலது கால் வண்டிக்கும் கரைக் கல்லுக்கும் நடுவில். அதை எழுத வேண்டாம்.

சரிவில் இறங்கும்போது வண்டி திடீரென்று ஒரு பக்கமாகச் சுற்றிக்கொண்டு சரிந்ததாகப் பந்து பொறுக்குகிறவர்கள் சொல்கிறார்கள். ரோல் பார் மடக்கித்தான் இருந்தது. எத்தனை தடவை சொன்னேன்.

மாலையில் டிராக்டர் வைத்து வண்டியை இழுத்து ஷெட்டுக்குள் கொண்டுவந்தேன். சேறு அப்பியிருந்தது. இன்று காலை இன்சூரன்ஸ் ஆள் வருவதற்கு முன்னால் பின்பக்கத்தை மட்டும் கழுவினேன். அவர் வந்து லீவரை ஆட்டினார், பம்பைப் பார்த்தார், போல்ட்டுகளைத் தொட்டுப் பார்த்தார், போட்டோ எடுத்தார். எல்லாம் இறுக்கமாக இருப்பதாக எழுதிக்கொண்டு போனார்.

அக்டோபர் 4, சனி

டோர்னமென்ட் நடந்தது. குளத்துப் பக்கம் கயிறு கட்டிவிட்டார்கள். நல்ல வெயில்.

அக்டோபர் 6, திங்கள்

குப்புராஜின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மேனேஜர் அறையில் விசாரணை. என்னைக் கேட்டது இரண்டே கேள்வி. வண்டி சர்வீஸ் ஆகியிருந்ததா? ஆகியிருந்தது. டிரைவர் காலையில் ஏதாவது கோளாறு சொன்னாரா? எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். "எந்தப் புகாரும் சொல்லவில்லை" என்று எழுதி, நாச்சிமுத்து என்று கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் நம்பர் வண்டிக்கு பிளேடு தீட்ட வேண்டியிருந்தது, சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

பிளேடு மூன்றும் தீட்டி மாட்டினேன். போல்ட்டுகளை இரண்டு முறை சரிபார்த்தேன். பிறகு மூன்றாவது முறை.

அக்டோபர் 9, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். இதற்கு மேல் போகாமல் இருந்தால் தப்பாகப் பேசுவார்கள். ஆரஞ்சு வாங்கிப் போனேன். தங்கமணி எழுந்து எனக்கு ஸ்டூல் போட்டாள். "வாங்கண்ணா, நேத்துப் பூரா உங்களத்தான் கேட்டுட்டு இருந்தாருங்க" என்றாள்.

குப்புராஜ் இளைத்திருந்தான். போர்வை வலது பக்கம் தட்டையாகக் கிடந்தது. நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் மூன்றாம் நம்பர் வண்டியை யார் ஓட்டுகிறார்கள் என்று விசாரித்தான். பிறகு தங்கமணி தண்ணீர் பிடிக்க வெளியே போனதும் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஏனுங்ணா, ஒண்ணு கேக்கோணும். அன்னிக்குக் காத்தால வண்டிய எடுக்கறப்ப, இடது கைப்பக்கம் தொளதொளன்னு இருக்குதுன்னு உங்ககிட்ட சொன்னனுங்களா? சொன்ன மாதிரியேதான் எனக்கு இருக்குது. மேனேஜரு சாரு, நீ யாருகிட்டயுமே சொல்லலைன்னு நாச்சிமுத்தே எழுதிக் குடுத்திருக்காருங்கறாரு. மயக்க ஊசியில எனக்குத்தான் மண்டை கொழம்பிருச்சுங்களா?"

ஓய்வெடுக்கச் சொன்னேன்.

"சரிங்ணா. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றான்.

ஆரஞ்சு நல்ல இனிப்பு என்று தங்கமணி சொன்னாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

வீட்டில் இருந்தேன். சமையலறைக் குழாயை இறுக்கினேன். குளியலறைக் குழாய், கேஸ் ரெகுலேட்டர், கட்டில் கால் நாலு, மின்விசிறிக் கம்பி. சமையலறைக் குழாயில் மரை போய்த் தண்ணீர் பீச்சியடித்தது. என் மனைவி சுலோச்சனா சேலை நனைய நின்றுகொண்டு, "நல்லா இருந்த கொழாய எதுக்குங்க போட்டு முறுக்கறீங்க? உங்களுக்கு என்னதான் ஆச்சு?" என்றாள்.

சொட்டிக்கொண்டிருந்தது என்றேன். சொட்டவில்லை.

அவள் தரைத் தண்ணீரைத் துடைத்து வாளியில் பிழிந்தாள். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இருபத்தைந்து வருடம் குடித்தனம் செய்தவள். மேற்கொண்டு எதையும் கேட்காமல் அவள் போனதுதான் கஷ்டமாக இருந்தது.

அக்டோபர் 14, செவ்வாய்

மேனேஜர் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். எதற்கு என்று வழியில்தான் சொன்னார். ஒரு கடிதம் டைப் அடித்து வைத்திருந்தார். ரோல் பாரை மடக்கிக்கொண்டு, செல்லக் கூடாத சரிவில், கவனக்குறைவாக ஓட்டியது என் தவறே, இதற்கு கிளப் எந்த விதத்திலும் பொறுப்பல்ல என்று குப்புராஜ் சொல்வதாக. குப்புராஜ் கையெழுத்துப் போட்டால் தங்கமணிக்குக் கேண்டீனில் வேலை, கிளப் குவார்ட்டர்ஸிலும் தொடர்ந்து இருக்கலாம் என்று வாயால் சொன்னார். வாயால்தான்.

தங்கமணி, "அவரு பதினோரு வருசமா ஓட்டற சரிவுங்க சார். போகக் கூடாதுன்னு ஒரு நாளு ஆராச்சும் சொன்னீங்களா?" என்றாள். மேனேஜர் பேனா மூடியைக் கழற்றினார். குப்புராஜ் அவளை அடக்கினான். "விடு தங்கம். ரோல் பாரை மடக்குனது நாந்தான. அண்ணன் தலையால தண்ணி குடிச்சுச் சொன்னாரு. நாங் கேக்கல."

கையெழுத்துப் போட்டான். கீழே சாட்சி என்று ஒரு கோடு இருந்தது. பேனாவை என்னிடம் நீட்டினார்கள்.

என் கையெழுத்து எப்போதும் தெளிவாக இருக்கும். இன்றும் அப்படித்தான் இருந்தது.

அக்டோபர் 16, வியாழன்

குப்புராஜைக் குவார்ட்டர்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். கேண்டீன் வேலை "பார்க்கலாம்" ஆகிவிட்டது. தீபாவளி முடிந்ததும் வீட்டைக் காலி செய்ய நோட்டீஸ். புது டிரைவர் வருகிறானாம், அவனுக்கு வீடு வேண்டுமாம். தங்கமணி ஷெட்டுக்கே வந்து காகிதத்தைக் காட்டினாள். "நீங்க ஒரு வார்த்த மேனேஜருகிட்டச் சொல்லுங்கண்ணா. உங்க பேச்சக் கேப்பாருங்க. மெக்கானிக் நாச்சிமுத்து பொய் பேச மாட்டாருன்னு இங்க எல்லாத்துக்கும் தெரியுமல்லங்க."

மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நம்பருக்கு கிரீஸ் வைத்தேன்.

அக்டோபர் 17, வெள்ளி

காலை ஆறு மணிக்கு ஷெட்டுக்கு வந்துவிட்டேன். யாரும் இல்லை. முன் பக்கங்களைப் புரட்டினேன். செய்ததெல்லாம் எழுத்தில் இருக்கும் என்று செப்டம்பர் 29-ல் எழுதியிருக்கிறேன். இல்லை. எழுதாததை இப்போது எழுதுகிறேன்.

ஒன்று. அக்டோபர் 2 காலை குப்புராஜ் வண்டியை ஷெட்டைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு இறங்கி வந்தான். "ஏனுங்ணா, இடது கைப்பக்கம் தொளதொளன்னு இருக்குதுங்க. வண்டி அந்தப் பக்கமாவே இழுக்குது" என்றான். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். "புது எண்ணெய்டா. கொஞ்சம் காத்து நிக்கும், ரெண்டு மணி நேரம் ஓடுனாச் சரியாப் போயிரும். நீ எனக்குப் பாடம் எடுக்காத" என்றேன். சிரித்துக்கொண்டே போனான். விசேஷமாக ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறேனே, அது இதுதான்.

இரண்டு. சொன்னபோது போல்ட் நினைவில் இல்லை. அது உண்மை. ஆனால் பத்து மணிக்கு நினைவு வந்தது. மிச்சப் பொரியைத் தின்றுகொண்டே சாமான்களைப் பெட்டியில் அடுக்கினேன். பதினாறு நம்பர் ஸ்பேனர் கைக்கு வந்தது, சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. துடைக்கும்போதே இடது போல்ட் கண் முன்னால் வந்து நின்றது. வாக்கி டாக்கி இடுப்பில்தான் இருந்தது. "குப்புராஜ், வண்டியை நிறுத்து" என்று மூன்று வார்த்தை. ஆனால் அதில் பேசினால் மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை அத்தனை பேருக்கும் கேட்கும். நாச்சிமுத்து போல்ட்டை இறுக்காமல் வண்டியை அனுப்பிவிட்டான் என்று இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கும். காலையில் சமதளத்தில்தான் வெட்டுவான், சரிவுக்கு மதியத்துக்கு மேல்தான் போவான், சாப்பிட வரும்போது யாருக்கும் தெரியாமல் இறுக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஸ்பேனரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். டோர்னமென்ட் அவசரம் என்று அவன் சாப்பிட வராமல் சரிவுக்குப் போய்விட்டான். மூன்று மணி நேரம் இருந்தது எனக்கு. நடந்து போனால்கூடப் பத்து நிமிடம்தான்.

சூட்டில் போல்ட் இளகியிருக்கும். இடது சக்கரத்தை எண்ணெய் விட்டுவிட்டது, வலது சக்கரம் பிடித்துக்கொண்டது. அதனால்தான் சுற்றியது. அவன் என்ன செய்தும் நின்றிருக்காது.

மூன்று. அக்டோபர் 3 காலை பின்பக்கத்தை மட்டும் கழுவினேன் என்று எழுதியிருக்கிறேன். கழுவிவிட்டு அந்த ஸ்பேனரைப் போட்டு இடது போல்ட்டை இறுக்கினேன். ஒன்றேகால் சுற்றுப் போனது.

நான்கு. ஆஸ்பத்திரியில் ஓய்வெடுக்கச் சொன்னேன் என்று எழுதியிருக்கிறேன். நான் சொன்னது, "நீ எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையேப்பா." அவன் காலை வண்டி எடுத்துக்கொண்டது. அவன் நினைவை நான் எடுத்துக்கொண்டேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தன் புத்தியையே நம்பாமல் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டான்.

ரோல் பாரை மடக்கியது அவன்தான். அதை வைத்துக்கொண்டு இத்தனை நாள் ஒளிந்திருந்தேன். நிமிர்த்தி வைத்திருந்தால் கால் தப்பியிருக்கலாம். ஆனால் வண்டி கவிழ்ந்தது என்னால்.

அக்டோபர் 18, சனி

மேனேஜரிடம் நேற்றைய பக்கத்தைக் காட்டினேன். நின்றுகொண்டே படித்தார். கதவைச் சாத்தினார். "நாச்சிமுத்து, இன்சூரன்ஸ்காரன் ஃபைலை மூடிட்டான். குப்புராஜ் கையெழுத்துப் போட்டாச்சு, நீங்க சாட்சி. இப்போ இதைக் கொண்டு வந்தா உள்ளே போறது நீங்கதான். உங்களுக்கு இன்னும் எட்டு வருஷம் சர்வீஸ் இருக்கு. நீங்க எதுவும் காட்டலை, நான் எதுவும் படிக்கலை. போய் அடுப்பில போடுங்க" என்றார். டைரியை மூடி மரியாதையாக இரண்டு கையாலும் கொடுத்தார்.

சுலோச்சனாவிடம் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. "தங்கமணி மூஞ்சிய நான் எப்படிங்க பாப்பேன்?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "போறதுன்னா இப்பவே போயிருங்க. சோறு தின்னுட்டுப் போனா மனசு மாறிரும்" என்றாள்.

குவார்ட்டர்ஸ் வாசலில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே பாத்திரங்களைச் சாக்கில் கட்டும் சத்தம் கேட்கிறது. அவன் தங்கமணியிடம் கயிற்றை எப்படி முடிச்சுப் போடுவது என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். இந்தப் பக்கம் முடிந்ததும் டைரியை அவன் கையில் கொடுத்துவிடப் போகிறேன். திரும்ப வாங்க மாட்டேன்.

குப்புராஜ், இதை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய்க் காட்டு. எந்த அதிகாரி கேட்டாலும் இது என் கையெழுத்துதான் என்று வந்து சொல்கிறேன். மன்னிக்கச் சொல்லி நான் கேட்கப் போவதில்லை. நீ கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் பாக்கி இருக்கிறது. உன் மண்டை ஒன்றும் குழம்பவில்லை.

அன்றைக்குக் காலையில் நீ என்னிடம் சொன்னாய்.